தன்னைப் பற்றிய கதையைக் கேட்க முடியாத ஊர்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் சகோதரர்கள் நடத்திய உணவகம் ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் கறியில் வெள்ளையாகத் திரண்டிருந்த எதையோ கண்டு சத்தமிட்டார். அது மலட்டு மாத்திரை என்றார். ஆட்கள் கூடினார்கள். காசு மேசையில் இருந்தவர் தமிழ் பேசுபவர். சிங்களம் அவருக்கு அரைகுறை. கேட்கப்பட்டது என்னவென்று முழுதாக விளங்காமல், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சி, தெரியாது என்றும் ஆம் போடுகிறோம் என்றும் பொருள்படும்படி தடுமாறி ஏதோ சொன்னார். ஒரு கைத்தொலைபேசி அதைப் பதிவுசெய்தது. சில மணி நேரத்துக்குள் உணவகம் நொறுக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. வாகனங்கள் எரிந்தன. அந்தக் காணொளி பேஸ்புக்கில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று ஓடத் தொடங்கியது.

பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் அந்தக் கட்டியைச் சோதித்து அது மாவுப்பொருள் என்று சொன்னது. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. இருந்தும் ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டத்தில் திகனையும் தெல்தெனியவும் எரிந்தபோது, அங்கும் இந்தக் காணொளி கைமாறிக்கொண்டிருந்தது. கண்டி வன்முறைக்கு உடனடிக் காரணம் வேறு: முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவரின் மரணம். ஆனால் அந்தத் துயரம் ஒரு குற்ற வழக்காக நிற்காமல் ஓர் இனத்தின் சதியாக வாசிக்கப்படுவதற்கு அம்பாறைக் கதை ஏற்கெனவே வழி திறந்திருந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். அந்தக் கடையில் பல நாள் சாப்பிட்டுப் பழகிய நகரம், நடக்கவே முடியாத ஒன்றை ஒரே இரவில் எப்படி நம்பியது? ‘பேஸ்புக் நம்பவைத்தது’ என்பது பரவலாகச் சொல்லப்படும் விடை. அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி விடை. மற்றப் பாதி மொழியில் இருக்கிறது என்பது என் வாதம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என நீளும் இந்தக் கரையோரத்து மக்களைப் பற்றிய கதை, அவர்கள் வாசிக்காத மொழியில், அவர்கள் இல்லாத இடத்தில், நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்தது. மறுத்துப் பேச வேண்டியவர் அந்தச் சபையில் இருக்கவே இல்லை.

ஊசியும் வாசலும்

ஊடகம் மனப்பாங்கை எப்படி மாற்றுகிறது என்ற ஆய்வு முதலாம் உலகப்போரின் நிழலில் தொடங்கியது. ஹரோல்ட் லாஸ்வெல் 1927இல் போர்ப் பிரசாரம் பற்றி எழுதிய நூலும் அதைச் சூழ்ந்த எண்ணங்களும் பிரசாரத்துக்கு ஏறக்குறைய எல்லையற்ற வல்லமை இருப்பதான தோற்றத்தைத் தந்தன. ஊசிமருந்து உடலில் ஏறுவதுபோல் செய்தி மனதில் ஏறும் என்ற உருவகம் பின்னர் இந்தக் காலத்துக்கு ஒட்டப்பட்டது.

அதை முதலில் அசைத்தது ஒரு தேர்தல் ஆய்வு. 1940 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்ட வாக்காளர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து சந்தித்தனர் லாசர்ஸ்பெல்டும் அவருடைய சகாக்களும். வானொலியும் பத்திரிகையும் மனம் மாற்றியவர்கள் அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பலர் தாம் மதிக்கும் ஒருவர் சொன்னதையே எடுத்துக்கொண்டனர். ஊடகத்திலிருந்து கருத்துத் தலைவருக்கு, அவரிடமிருந்து மற்றவர்களுக்கு என்ற இந்த இருபடிப் பாய்வை 1955இல் எலிஹு காட்ஸும் லாசர்ஸ்பெல்டும் விரித்து எழுதினர். நமது ஊர்களில் இதற்கு விளக்கமே தேவையில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, மௌலவி, பாடசாலை அதிபர், குடும்பத்தில் மூத்த மச்சான் என்று வாசல்கள் பல. செய்தி அந்த வாசல்களில் ஒன்றைக் கடந்துதான் வீட்டுக்குள் வரும். வாட்ஸ்அப் அந்த வாசல்களை உடைத்ததாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அது வாசல்காரரின் கையிலேயே ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டது. ‘நம்மட காக்கா அனுப்பினது’ என்ற ஒரு சொல்லே இன்றும் ஒரு செய்திக்குப் போதுமான சான்று.

போருக்குப் பிந்திய யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லண்ட் குழுவினர் சொல்பவரின் நம்பகத்தன்மையைச் சோதனைக்கு எடுத்தனர். 1951இல் ஹோவ்லண்டும் வைஸும் ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பத்தக்க பெயரோடும் வேறு சிலருக்கு நம்பத்தகாத பெயரோடும் கொடுத்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கி பற்றிய கட்டுரைக்கு ஒருபுறம் ஓப்பன்ஹைமரின் பெயர், மறுபுறம் ‘பிராவ்தா’. உடனே கேட்டபோது முதலாவதே எடுபட்டது. நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது வித்தியாசம் ஏறக்குறைய மறைந்திருந்தது. சொன்னவர் மறந்துபோனார், சொல் தங்கிவிட்டது. வதந்தியை ஆராய்பவர் இந்த முடிவை அருகிலேயே வைத்திருக்க வேண்டும்.

பெட்டியும் கசியோப்போவும் எண்பதுகளில் முன்வைத்த இருவழி விளக்கம் வேறொரு முனையில் உதவுகிறது. யோசிக்க நேரமும் விருப்பமும் உள்ளபோது மனம் வாதத்தை எடைபோடுகிறது. இல்லாதபோது சொல்பவரின் தோற்றம், கூட்டத்தின் அளவு போன்ற ஓர அடையாளங்களைப் பற்றிக்கொள்கிறது. உணவகத்தில் கூடியவர்கள் யோசிக்கக்கூடிய நிலையில் இல்லை என்பது வெளிப்படை. ஆனால் காணொளியை வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துப் பகிர்ந்தவருக்கு நேரம் இருந்தது. அவரை இந்தக் கோட்பாடு முழுதாக விளக்கவில்லை.

ஒரே பள்ளத்தாக்கு, 1956

பேஸ்புக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் அதே மண்ணின் பழைய வழக்கொன்றைப் பார்க்க வேண்டும். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் குடியேற்றங்கள் எழுந்த உள்நிலமும் கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களும் அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகள். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். 1956 ஜூன் மாதம், தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாட்களில், அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கதை பரவியது: மட்டக்களப்பில் ஒரு சிங்களப் பெண் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டு நிர்வாணமாகத் தெருவில் நடத்தப்பட்டாள் என்று. அது பொய்யென்று பின்னர் தெளிவானது. அதற்குள் தமிழர்கள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். பின்னாளில் உலகறிந்த மானிடவியலாளரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா அப்போது தம் மாணவர்களுடன் கல்லோயாவில் கள ஆய்வில் இருந்தார். இன வன்முறைக் கூட்டங்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் கழித்து அவர் எழுதியவற்றின் பின்னால் அந்த நாட்களின் அனுபவமும் நிற்கிறது.

கைத்தொலைபேசி இல்லை, காணொளி இல்லை. பஸ், சந்தை, வாய் மட்டுமே. இருந்தும் கதையின் உடற்கூறு 2018இன் கதையோடு பொருந்துகிறது. இரண்டிலும் நடுவில் இருப்பது இனத்தின் பிறப்பு: அன்று பெண்ணின் உடல், இன்று கருவளம். இரண்டிலும் சம்பவத்தின் உண்மையை அறியக்கூடியவர்கள் மற்ற மொழி பேசும் பக்கத்தில் இருந்தார்கள். மட்டக்களப்பில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது மட்டக்களப்பானுக்குத் தெரியும். கல்லோயாவில் கதையைக் கேட்டவன் அவனிடம் போய்க் கேட்கப்போவதில்லை.

ஆகவே ஊடகம் விதையல்ல. அதனால் அது ஒன்றும் செய்யவில்லை என்று முடிவுகட்டுவது அடுத்த பிழை.

மாவுக்கட்டி மாத்திரையான விதம்

வதந்தி பற்றி கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947இல் எழுதிய நூலில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. வதந்தியின் வீச்சு, விடயத்தின் முக்கியத்துவத்தையும் அதன் தெளிவின்மையையும் பெருக்கியதற்குச் சமம். இரண்டில் ஒன்று பூச்சியமானால் வதந்தியும் பூச்சியம். அவர்களின் புகழ்பெற்ற சோதனையொன்றில் சுரங்க ரயில் காட்சிப் படம் வாய்வழியாகக் கைமாறியது. படத்தில் சவரக்கத்தி வெள்ளையரின் கையில் இருந்தது. சொல்லிச் சொல்லிப் போகையில் பல தடவை அது கறுப்பரின் கைக்கு மாறிவிட்டது. எவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மனம் தனக்குத் தெரிந்த உலகத்துக்கு ஏற்பப் படத்தைத் திருத்திக்கொண்டது.

அம்பாறையில் மாவு மாத்திரையாக மாறியது அதே வழியில்தான். ஆனால் அந்த ‘தெரிந்த உலகம்’ ஓரிரவில் கட்டப்பட்டதல்ல. முஸ்லிம் வணிகர்கள் சிங்களவரை மலடாக்குகிறார்கள் என்ற கதை, 2012க்குப் பின் வலுப்பெற்ற கடும்போக்கு அமைப்புகளின் மேடைகளிலும் இணையப் பக்கங்களிலும் பல வடிவம் எடுத்தது. துணிக்கடையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இனிப்பிலும் மருந்து இருக்கிறது என்றார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, சிங்களப் பேஸ்புக் பக்கங்களில் வெறுப்புப் பேச்சு எவ்வளவு ஒழுங்காக வளர்க்கப்படுகிறது என்பதை ஆவணப்படுத்தியது. 2018 சம்பவத்துக்கு முன்னர் அம்பாறையைப் பற்றியே ஒரு பொய் ஓடியது: முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் கைப்பற்றினர் என்று. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் செய்தியாளர்கள் அம்பாறைக்கு வந்து எழுதிய 2018 ஏப்ரல் கட்டுரை இதைக் குறிப்பிடுகிறது. தம்மைச் சூழ்ந்திருந்த இந்தக் கதையை உணவகச் சகோதரர்கள் அறிந்திருக்கவில்லை என்றும் அது சொல்கிறது. என் கேள்விக்கு அந்தச் சிறு விபரமே திறவுகோல்.

ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டொப்பினோ மூவரும் 1977இல் காட்டியது, ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மையெனத் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது என்பது. புதிய சான்று எதுவும் தேவையில்லை, பழக்கமே சான்றாகிவிடும். மாத்திரைக் கதையை அந்த வாடிக்கையாளர் அன்று கண்டுபிடிக்கவில்லை. தட்டில் கிடந்ததற்குப் பெயர் முன்பே வைக்கப்பட்டிருந்தது.

அச்சத்தின் அடிப்படையையும் எண்ணிப் பார்க்கலாம். 1981 குடிசனமதிப்பில் நாட்டில் சிங்களவர் 74 சதவீதம். 2012இல் ஏறத்தாழ 75. குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. அதற்குப் போரும் தமிழர் புலம்பெயர்வும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முஸ்லிம்களின் பங்கும் 7இலிருந்து 9 சதவீதத்தைத் தாண்டியது. ஆயினும் ‘அழிந்துகொண்டிருக்கும் பெரும்பான்மை’ என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அம்பாறை மாவட்டம் மட்டும் வேறு: 2012இல் முஸ்லிம்கள் சுமார் 43, சிங்களவர் 39, தமிழர் 17 சதவீதம். நாட்டில் பெரும்பான்மையானவர் இங்கே இரண்டாமவர். நாட்டளவிலான அச்சம் உள்ளூர் எண்ணிக்கையில் தனக்கு ஆதாரம் தேடிக்கொண்டது.

1934இல் ரிச்சர்ட் லாபியர் வெளியிட்ட பழைய ஆய்வொன்று இங்கே தலைகீழாகப் பொருந்துகிறது. அவர் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவெங்கும் பயணித்தார். ஏறியிறங்கிய 251 விடுதிகள், உணவகங்களில் ஒன்றே ஒன்றுதான் அவர்களை மறுத்தது. பின்னர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் தந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர். கடிதத்தில் வெறுப்பு, நேரில் உபசாரம். அம்பாறையிலும் இணையத்தில் பகையும் மேசையில் கொத்துரொட்டியும் பல காலம் அருகருகே வாழ்ந்தன. மனப்பாங்கு நடத்தையாக மாறாமல் தடுத்தது நேர்முகம். பெப்ரவரி 26இன் இரவு அந்த நேர்முகமே அறுந்தது. முகத்துக்கு முகம் கேட்ட கேள்வியை மொழி விழுங்கிவிட்டது.

வானொலியா, அயலவரா

ஊடகமும் கூட்டு வன்முறையும் பற்றிய விவாதத்தில் மிகக் கடினமான வழக்கு 1994 ருவாண்டா. ஆர்.டி.எல்.எம். வானொலி துட்சி மக்களுக்கு எதிராக நஞ்சைக் கக்கியது. அதனால்தான் மக்கள் கொன்றார்களா? கொலைகளில் ஈடுபட்டுச் சிறையிலிருந்தவர்களைச் சந்தித்த ஸ்கொட் ஸ்ட்ராஸ், 2007இல், வானொலியின் பங்கு நினைப்பதைவிடக் குறைவு என்றார். பெரும்பாலானோரை இழுத்துச் சென்றது வாசலில் வந்து நின்ற அயலவரும் உள்ளூர் அதிகாரியும்தான். டேவிட் யனகிசாவா-ட்ரொட் 2014இல் மலைகளால் மறைக்கப்பட்டு அலைவரிசை எட்டாத கிராமங்களை எட்டிய கிராமங்களோடு ஒப்பிட்டார். வன்முறையில் பங்கேற்றதில் ஏறக்குறைய பத்து சதவீதம் வானொலிக்கு உரியது என்றும், கூட்டமாகச் செய்த வன்முறை வானொலி எட்டாத அயற்கிராமங்களுக்கும் தொற்றியது என்றும் கணித்தார்.

இரண்டையும் முரண்பாடாகவே பலர் வாசிக்கிறார்கள். எனக்கு அவை ஒன்றையொன்று நிரப்புவதாகவே படுகிறது. பத்திலொரு பங்கு என்பது உயிர்க்கணக்கில் சிறிதல்ல. அது தொற்றியது மனிதர் வழியாக.

ருவாண்டாவிலேயே எலிசபெத் லீவி பாலக் நடத்திய 2009 ஆய்வு என்னை அதிகம் யோசிக்கவைத்தது. இன நல்லிணக்கத்துக்காக ஒலிபரப்பான ‘முசெகெவேயா’ என்ற வானொலி நாடகத்தைச் சில ஊர்க் குழுக்கள் ஓராண்டு கேட்டன. மற்றக் குழுக்கள் வேறொரு நாடகத்தைக் கேட்டன. கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது வேறொன்று: ‘நம் ஊரில் மற்றவர்கள் எதைச் சரியென்று கருதுகிறார்கள்’ என்ற கணிப்பு. அதனோடு நடத்தையும் அசைந்தது. ஊடகம் மனதை மாற்றாமலே அனுமதியை மாற்றும் என்று இதை நான் வாசிக்கிறேன். நல்லிணக்க நாடகம் அனுமதித்தது மாற்றுக் கருத்தைப் பேசுவதை. அம்பாறைக் காணொளி அனுமதித்தது கல்லெறிவதை. ஆயிரம் பேர் பகிர்ந்த ஒன்றைப் பார்ப்பவன் மாத்திரையை நம்பத் தேவையில்லை. ஆயிரம் பேர் நம்புகிறார்கள் என்று நம்பினால் போதும்.

எலிசபெத் நோயெல்-நொய்மன் 1974இல் ‘மௌனச் சுருள்’ என்று பெயரிட்டது இதன் மறுபக்கம். தன் கருத்து சிறுபான்மையென்று உணர்பவர் வாய் மூடுகிறார்; அதனால் அது மேலும் சிறுபான்மையாகத் தோன்றுகிறது. அந்த உணவகத்தை அறிந்த, அந்தச் சகோதரர்களை நல்லவர்களென்று அறிந்த சிங்கள அயலவர்கள் நகரில் இருந்திருப்பார்கள். அவர்களின் சாட்சியம்தான் அன்று எல்லாவற்றிலும் பெறுமதியானது.

ஆகவே 1956இல் இல்லாததை 2018இன் ஊடகம் கொண்டுவந்தது இரண்டு வகையில். ஒன்று, கண்கண்ட சாட்சியின் தோற்றம். கல்லோயாவில் கதையைக் கேட்டவர் யாரோ சொன்னதைக் கேட்டார். 2018இல் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாயே அசைவதைப் பார்த்தார். மற்றது, தலைக்கணக்கு. விருப்பக் குறிகளின் எண்ணிக்கை முன்பு ஊகமாக இருந்த ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்பதை இலக்கமாக்கியது.

நாம் நம்பியவை

இதுவரை எழுதியதை நம் கரையில் தலையாட்டி வாசிப்பது எளிது. பிலிப்ஸ் டேவிசன் 1983இல் ‘மூன்றாம் ஆள் விளைவு’ என்று சுட்டியது அதைத்தான்: பிரசாரம் மற்றவர்களைத்தான் ஏமாற்றும், என்னையல்ல என்று ஒவ்வொருவரும் எண்ணுகிறோம்.

2011 ஓகஸ்ட் மாதத்தை நினைவில் வைத்திருப்போம். உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வீடு புகுந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கதை கிழக்கெங்கும் பரவியது. கிறீஸ் பூதம் என்றோம். றமழான் மாதம் அது. இரவுத் தொழுகைக்குப் போகும் பாதையிலும் அச்சம். இளைஞர்கள் தடியோடு காவலிருந்தார்கள். துரத்தப்பட்டவர் படைமுகாமுக்குள் ஓடினார் என்று ஊருக்கு ஊர் சொன்னார்கள். பொத்துவில் முதல் கிண்ணியா வரை மக்களும் பாதுகாப்புப் படையினரும் மோதினர். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். பெண்கள் தாக்கப்பட்டதாகச் சில இடங்களில் முறைப்பாடுகள் இருந்தன. அவற்றை வெறும் கற்பனையென்று தள்ள நான் தயாரில்லை. ஆனால் ஊர்தோறும் ஒரே பூதம் என்ற பெரிய கதைக்கு அவை மட்டும் போதா.

அதை விளங்கிக்கொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரில் பெரும் நிலநடுக்கம். ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர், அதிர்ச்சி உணரப்பட்டும் அழிவு நேராத பகுதிகளில் பரவிய வதந்திகளைச் சேகரித்தார். அங்கே மக்களைத் தேற்றும் கதைகள் உலவவில்லை. இதைவிடப் பெரிய நடுக்கம் வரும், சந்திர கிரகணத்தன்று அழிவு வரும் என்ற கதைகள் உலவின. துர்கானந்த் சின்ஹா பின்னர் டார்ஜிலிங் மண்சரிவை ஆராய்ந்தபோது, நேரில் அழிவைக் கண்டவர்களிடம் அத்தகைய மிகைக்கதைகள் இல்லை. லியோன் பெஸ்டிங்கர் 1957இல் வெளியிட்ட அறிகை இசைவின்மைக் கோட்பாட்டை எண்ணத் தொடங்கிய இடங்களில் பிரசாத்தின் இந்த ஆய்வும் ஒன்று. அவர் பெற்ற விளக்கம் இது: உடலில் அச்சம் இருக்கிறது, கண்ணெதிரே காரணம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பக் கதை பிறக்கிறது. கதை அச்சத்தை உண்டாக்கவில்லை. அச்சத்துக்கு நியாயம் கொடுக்கிறது.

2011இல் போர் முடிந்து இரண்டாண்டு. சோதனைச்சாவடிகளோடு வளர்ந்த உடல்களுக்கு ‘சமாதானம் வந்துவிட்டது’ என்று சொல்லப்பட்டிருந்தது. அச்சம் மட்டும் போகவில்லை. அவசரகாலச் சட்டம் அந்த மாத இறுதியில் முடிவுக்கு வரவிருந்த வேளையில், அதை நீடிக்கவே பூதத்தை அனுப்புகிறார்கள் என்ற விளக்கம் கடைத்தெருவில் உடனே எடுபட்டது. முப்பதாண்டுப் போரில் அரசை நம்பக் கற்றிராதவர்களுக்கு அது இயல்பான முடிவு. அந்தக் கதை தமிழில் ஓடியது. சிங்களக் கிராமத்தவருக்கும் முகாம் சிப்பாய்க்கும் அது என்னவென்று விளங்காத அளவுக்கு முழுதாகத் தமிழில்.

ஆயினும் பிரசாத், சின்ஹா, பெஸ்டிங்கர் வரைந்த கோட்டை இந்தக் கரை அப்படியே ஏற்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல். அழிவை நேரில் கண்டவர்கள் மிகைக்கதைக்கு ஆளாகமாட்டார்கள் என்பது சரியானால், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அதன் பின் ‘கடல் வருது’ என்ற குரலுக்கு மக்கள் ஓடியிருக்கக் கூடாது. ஓடினார்கள். 2005 மார்ச் 28 இரவும் 2012 ஏப்ரல் 11ஆம் திகதியும் சுமாத்திராவுக்கு அப்பால் நடுக்கம் ஏற்பட்டு உத்தியோகபூர்வ எச்சரிக்கை வந்தபோதும் ஓடினார்கள், பேரலை வரவில்லை. இந்த ஓட்டத்தை அறியாமை என்று நான் எழுதமாட்டேன். பிள்ளையை இழந்த தாய்க்குப் பொய்யான எச்சரிக்கைக்கு ஓடுவதால் இழப்பு ஓர் இரவு. உண்மையானதற்கு ஓடாவிட்டால் இழப்பு எல்லாமே. அவளுடைய கணக்கு சரியானது. வதந்தியை நம்புவது எப்போதும் பகுத்தறிவின் தோல்வி என்று கருதும் ஆய்வுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கல்முனைக்குள்ளேயே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பிரதேச செயலகப் பிணக்கு சூடேறும்போதெல்லாம் கைமாறும் குரற்பதிவுகளுக்கு மொழித் தடையும் கிடையாது. இரு பக்கமும் ஒரே மொழியில் வாசிக்கிறது. ஒரே மொழி இருந்தும், 1990இல் இரு சமூகங்களுக்கும் இடையே மூண்ட வன்முறையின் காயங்கள் ஆறவில்லை. அதனால் மொழியே எல்லாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இங்கே குற்றம் சாட்டப்படுபவர் குற்றச்சாட்டை அதே நாளில் படிக்கிறார், மறுக்கிறார், சண்டையாவது பிடிக்கிறார். அம்பாறை உணவகத்துக் காசு மேசையில் இருந்தவருக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை.

மறுப்பு போய்ச் சேரும் பாதை

2018 மார்ச் 9ஆம் திகதி, கண்டியின் புகை அடங்காத நாளில், ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வொசூகி, ரோய், ஆரல் ஆகியோரின் ஆய்வு வெளியானது. ட்விட்டரில் சுமார் 30 இலட்சம் பேர் பகிர்ந்த 126,000 செய்திக்கோவைகளை ஆராய்ந்து, பொய் உண்மையைவிட வேகமாகவும் தூரமாகவும் செல்கிறது என்றும், அதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதரே காரணம் என்றும் அது சொன்னது. பகுப்பாய்வாளர் அறிக்கை மாத்திரைக் காணொளியைத் துரத்திப் பிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. பிடித்திருந்தாலும் பயன் எவ்வளவு என்பது வேறு கேள்வி. ஜோன்சனும் சைபர்ட்டும் 1994இல் காட்டியபடி, ஒரு தகவல் தவறென்று ஏற்றுக்கொண்டவர்கூட அதைக்கொண்டே தொடர்ந்து காரணம் கற்பிப்பார், அதற்கு ஈடான வேறொரு விளக்கம் கிடைக்கும்வரை. ‘அது மாத்திரையல்ல’ என்பது வெற்றிடம். ‘மாவு கரையாமல் திரண்டது’ என்பது விளக்கம். நம் வீட்டு அடுப்படியில் இது தெரியாதவர் எவர்? பகுப்பாய்வாளரின் முத்திரையை விட ஒரு சமையற்காரர் சிங்களத்தில் அதைச் செய்து காட்டியிருந்தால் கூடுதல் தூரம் போயிருக்கும் என்று எண்ணுகிறேன்.

பேஸ்புக் நிறுவனம், தானே செய்வித்த மனித உரிமைத் தாக்க மதிப்பீட்டின் பின் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. சிங்களம் அறிந்த கண்காணிப்பாளர்களை வேண்டிய அளவு வைக்காமல் ஒரு நாட்டில் தன் சேவையைப் பரப்பியது அதன் பெருங்குற்றம். 2018இலும், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் 2019இலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது வீ.பி.என். வழியாக நுழைந்தவர்கள் ஏராளம். முடக்கம் வதந்தியை மட்டுமல்ல, மறுப்பையும் முடக்கியது. பழைய ஊடகமும் கை கழுவ முடியாது. 2019 மே மாதம் ஒரு சிங்கள நாளிதழ், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாரை மலடாக்கியதாக முதற்பக்கத்தில் எழுதியது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. மாத்திரையிலிருந்து சத்திரசிகிச்சைக்குக் கதை இடம் மாறியிருந்தது. அச்சம் அதே இடத்தில் நின்றது.

வில்லியம் மக்குவாயர் அறுபதுகளின் தொடக்கத்தில் முன்வைத்த தடுப்பூசிக் கோட்பாடு, பொய்யின் வலுக்குன்றிய மாதிரியை முன்கூட்டியே காட்டி மறுக்கப் பழக்கினால் பின்னர் வரும் பெரிய பொய்யை மனம் தாங்கும் என்கிறது. நல்ல யோசனை. ஆனால் ஊசி யாருக்குப் போட வேண்டும்? நம் கரையில் நடக்கும் ஊடக அறிவுப் பட்டறைகள் பெரும்பாலும் தமிழில், நமக்கு நாமே நடத்துபவை. அதே வேளை, நம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதைச் சிங்களத்தில் நாள்தோறும் வாசித்து ஊருக்குச் சொல்லும் ஒழுங்கு எந்தப் பள்ளிவாசலுக்கு, எந்த வர்த்தக சங்கத்துக்கு, ஒலுவில் பல்கலைக்கழகத்தின் எந்தத் துறைக்கு இருக்கிறது? அம்பாறையில் கடை வைத்திருக்கும் நம் வியாபாரிக்கு விலை சொல்லவும் மீதி கொடுக்கவும் போதுமான சிங்களம் உண்டு. குற்றச்சாட்டு ஒன்றைக் காதில் வாங்கி மறுக்கப் போதுமான சிங்களம் இல்லை. மறுபக்கத்திலும் இதே குறை. கரையோரத்துக்கு மீன் வாங்க வரும் சிங்களவருக்கு நம் கடைத்தெருப் பேச்சு வெறும் இரைச்சல்.

2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில், வாடகை வீடொன்றுக்கு வந்திருந்த அந்நியர்கள் மேல் ஊர்மக்களுக்குச் சந்தேகம் எழுந்தது. தகவல் பொலிஸாருக்குப் போனது. அன்றிரவு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் சூத்திரதாரியுடைய குடும்பத்தினர் அந்த வீட்டுக்குள் குண்டுகளை வெடிக்கவைத்து மடிந்தார்கள், குழந்தைகளும் மடிந்தன. ஊர் தன் கண்ணால் கண்டதைத் தன் வாயால் சொல்லி, இன்னும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கக்கூடிய செயல் அது. மூன்று வாரம் முடியுமுன், மே 12, 13ஆம் திகதிகளில், குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகள் எரிந்தன. சாய்ந்தமருது அந்த இரவில் செய்ததை, தீ வைத்தவர்களின் கைத்தொலைபேசிகளில் அவர்களின் மொழியில் எடுத்துச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கவில்லை.